அவருடைய நீதியையும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. பச்சை வண்ணம் பாதி உரிந்து, மூடியின் விளிம்பில் துரு ஏறிய டின். அம்மா 1974ஆம் ஆண்டு திருமணமாகி நாசரேத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்து அது. மிஷனெரி மர்காஷிஸ் ஐயரின் பெயர் இன்றும் பள்ளிக்கூடத்தின் பெயராக வழங்கும் ஊர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த பழக்கங்களில் பலவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டின் சுவர்களுக்குள் தேய்ந்து மறைந்துவிட்டன. கைப்பிடி அரிசி மட்டும் மிஞ்சியது. உலைக்கு அரிசியை அளந்து எடுத்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி அந்த டின்னில் போடுவார். ஊரில் என்றால் அந்த அரிசி கோவிலுக்குப் போகும், ஏலம் விடப்படும். இங்கே சபையில் அரிசியாக வாங்குவதில்லை என்பதால், மாதக் கடைசியில் டின்னை நிறுத்துப் பார்த்து, அதற்கான விலையைக் காணிக்கை உறையில் வைத்துவிட்டு, அரிசியைத் திரும்ப வாளியிலேயே கொட்டிவிடுவார்.

சிறுமியாக இருந்தபோது ஒரு நாள், சாப்பிட்டு முடித்தபின் மீதமிருப்பதைக் கொடுத்தால் போதாதா, எதற்கு முதலிலேயே எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். “ஏளா, மிஞ்சுனதக் குடுக்கதுக்குப் பேரு காணிக்கையா?” என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் வரவில்லை. அம்மாவின் இறையியல் பெரும்பாலும் இந்த அளவுதான் இருக்கும்.

தேவனுக்கு முதலிடம் கொடுப்பதைப் பற்றி யார் பேசினாலும் மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் 33ஆம் வசனத்தில் வந்து நிற்பார்கள். “முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்.” தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்த வசனம் தொங்காத கூடம் அரிது. நாட்காட்டியில் இருக்கும், ஆண்டிறுதி ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் வரும், கல்யாண வாழ்த்துமடலிலும் வரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதை மனப்பாடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் அந்த வசனத்தின் நடுவில் இருக்கும் இரண்டு சொற்களை நாற்பது வயது கடக்கும்வரை நான் ஒருமுறையும் நின்று படித்ததில்லை என்பதை அண்மைக் காலத்தில்தான் உணர்ந்தேன்.

நான் ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அதனால் ‘முதலாவது’ என்ற சொல்லைக் கேட்டாலே என் மனம் மத்திய சேம நிதிக்குப் போய்விடும். 55 வயதுக்கு உட்பட்ட ஓர் ஊழியரின் ஊதியத்திலிருந்து 20 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளி 17 விழுக்காடு சேர்க்கிறார். அந்த 20 விழுக்காட்டை எவரும் கண்ணால் பார்ப்பதில்லை. இந்த மாதம் செலவு கூடிவிட்டது, சேம நிதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த ஊழியரும் என் மேசைக்கு வந்து சொன்னதில்லை. முதலில் பிடித்துவிட்டால் மீதியில் வாழப் பழகிக்கொள்கிறோம். வாலிபர் கூட்டத்தில் தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தேவனுக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசச் சொன்னபோதெல்லாம் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன், நன்றாகவே எடுபடும். (உடனே ஒருவர் எழுந்து, தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா என்று கேட்பார். நான் மொத்தத்தில் கணக்கிடுகிறேன். மற்றவர்களோடு இதற்காக வாதாடுவதில்லை.)

அந்த உதாரணத்தில் ஒரு குறை இருந்தது, அது என் வாழ்க்கையிலும் இருந்தது. பிடித்தம் போனபின் மீதி என்னுடையது என்பதே சம்பளக் கணக்கின் விதி. நாளின் முதல் மணி நேரத்தையும் வாரத்தின் முதல் நாளையும் வருமானத்தின் முதல் பங்கையும் தேவனுக்குச் செலுத்திவிட்டேன், மற்றதெல்லாம் என் விருப்பப்படி என்று நான் வாயால் சொன்னதில்லை; ஆனால் அப்படித்தான் வாழ்ந்தேன்.

அதிகாலை ஜெபத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார், முதல் அதிகாரத்திலேயே. அதற்கு முந்தின மாலை ஊர் முழுவதும் வீட்டு வாசலில் கூடியிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், அவர் ஓய்வாக இருந்த காலத்தில் எழுந்த ஜெபம் அது இல்லை என்பது புரியும். நான் ஐந்து மணிக்கு எழுந்திருக்கப் பழகிய கதை அவ்வளவு மேன்மையானதன்று. வாரநாட்களில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும் என்று அறிவித்தபோது, அந்தச் சலுகைக்காக ஒரே வாரத்தில் என் உறக்க நேரத்தை மாற்றிக்கொண்டேன். பல ஆண்டுகளாக, எழுந்திருக்க முடியவில்லை ஆண்டவரே என்று ஜெபத்தில் முறையிட்டவள், அரை வெள்ளிக்கு எழுந்துவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் எழும் நேரத்தை மேலும் முன்னே தள்ளினேன். கைப்பேசியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாமல் கூடத்தில் மின்னூட்டம் செய்ய வைப்பது, வேதாகமத்தை முந்தின இரவே சாப்பாட்டு மேசையில் திறந்து வைப்பது, ஓர் அதிகாரம் மட்டும் வாசிப்பது என்று சில சின்ன ஏற்பாடுகள் உதவின. முழங்காலில் நின்றபடியே தூங்கிப்போன நாட்களும் உண்டு, அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்த ஐந்து மணியிலிருந்துதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது.

அம்மாவுக்கு நினைவு மங்கத் தொடங்கியபின் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு பெண்ணை இல்லப் பணிப்பெண்ணாக அமர்த்தினோம். அவளும் கிறிஸ்தவள், ஊரில் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பாடுகிறவள். பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டு முதல் இருக்கும் விதி. ஓய்வு நாளில் வேலை செய்ய அவர்கள் சம்மதித்தால் அதற்கு ஈடாகச் சம்பளம் கொடுக்கலாம். 2023 முதல் மாதத்துக்கு ஒரு நாளையாவது பணமாக மாற்ற முடியாது, விட்டே ஆகவேண்டும். நாங்கள் அந்த ஒரு நாளை விட்டோம், மற்ற ஞாயிறுகளுக்குப் பணம் கொடுத்தோம், அவளும் கையெழுத்துப் போட்டாள். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. சம்பளக் கணக்குக்காரியின் வீட்டில் வேறு எப்படி இருக்கும்.

என் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கர்த்தருடையதாக இருந்தது. எட்டரை மணிக்குப் பாடகர் குழுப் பயிற்சி, பத்து மணிக்கு ஆராதனை, அதன்பின் ஞாயிறு பள்ளி, மதியம் ஐக்கிய விருந்து, மூன்று மணிக்கு மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழு. வீடு திரும்ப ஐந்தாகிவிடும். அத்தனை நேரமும் அம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ‘உங்க அண்ணன் வந்துட்டானா’ என்று அம்மா கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் அந்தப் பெண். கிளம்பும்போது சில வேளைகளில் மனம் குத்தும். “நீங்க போங்க அக்கா, நான் இங்கயே ஜெபம் பண்ணிக்கிடுறேன்” என்பாள். எனக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிறு ஐக்கிய விருந்துக்கு எங்கள் ஜெபக்குழு சமைக்க வேண்டிய முறை வந்தது, அறுபது பேருக்குச் சாப்பாடு. சாம்பாரும் கோழிக் குழம்பும் என் பொறுப்பு என்று முன்வந்து சொல்லிவிட்டேன். அன்று நான் ஐந்து மணிக்கு எழுந்து மேசைக்கு வந்தபோது சமையலறையில் ஏற்கெனவே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் தரையில் செய்தித்தாளை விரித்து, நான்கு மணியிலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்தவற்றைப் பலகையில் வைத்து அரியத் தொடங்கினாள். கத்தி பலகையில் படும் ஓசை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எனக்கு மனம் ஒருமுகப்படவில்லை. எழுந்து போய், ஒன்றும் சொல்லாமல், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து ஜெபத்தைத் தொடர்ந்தேன்.

அன்றைக்கு எனக்கு எதுவும் உறைக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குழம்பு நன்றாக இருந்தது என்று சபையில் பலர் பாராட்டினார்கள், நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து ஞாயிறு பள்ளியில் பத்துக் கற்பனைகளை, அதாவது தேவன் தந்த பத்துக் கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுநாளைப் பற்றிய கற்பனை நீளமானது. நீயும், உன் குமாரனும், உன் குமாரத்தியும், உன் வேலைக்காரனும், உன் வேலைக்காரியும் என்று வரிசையாகப் போகும். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, “டீச்சர், வேலைக்காரின்னா யாரு? எங்க வீட்டு ஆன்ட்டி மாதிரியா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “அப்ப அவங்களுக்கும் இன்னைக்கு லீவா?” என்றான். அடுத்த கற்பனைக்குப் போகலாம் என்று சொல்லிச் சமாளித்தேன். வகுப்பு முடிந்ததும் உபாகமத்தை எடுத்து ஐந்தாம் அதிகாரத்தைப் பார்த்தேன். அங்கே அதே கற்பனை இன்னொரு முறை வருகிறது, யாத்திராகமத்தில் இல்லாத ஒரு காரணத்தோடு: வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தவன் என்பதை நினை. எகிப்தில் செங்கல் அறுத்தவர்களுக்குச் சொல்லப்பட்டதை, என் வீட்டில் வெங்காயம் உரித்தவளை வைத்துக்கொண்டு படித்தேன்.

அப்போதுதான் அந்த 33ஆம் வசனத்தின் நடுச் சொற்கள் கண்ணில் பட்டன. ‘அவருடைய நீதியையும்’. நாங்கள் தேவனுடைய ராஜ்யத்தைப் பாடுகிறோம், கூடக் கொடுக்கப்படும் என்பதைப் பற்றிச் சாட்சி சொல்கிறோம், இரண்டுக்கும் நடுவில் நீதி என்று ஒன்று இருப்பதை ஒரு மூச்சில் கடந்துவிடுகிறோம். நீதி என்றால் விசுவாசத்தினால் நமக்கு அருளப்படும் நீதி என்று பவுல் எழுதியதை இங்கே கொண்டுவந்து பொருத்திச் சொல்வோர் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வசனம் மலைப்பிரசங்கத்தின் நடுவில் இருக்கிறது. அதே பிரசங்கத்தில், காணிக்கையைப் பலிபீடத்தருகே கொண்டுவரும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று சொல்லப்பட்டிருக்கிறது. அங்கேயும் ‘முன்பு’, ‘பின்பு’ என்ற வரிசை உண்டு. அந்த வரிசையில் காணிக்கை இரண்டாவதாக நிற்கிறது.

கணவரோடு உட்கார்ந்து பேசினோம். எல்லா ஞாயிறும் அவளுக்கு விடுமுறை என்று முடிவு செய்தோம். அம்மாவைத் தனியே விட முடியாது என்பதால், ஒரு ஞாயிறு நான் வீட்டில், மறு ஞாயிறு அவர். இதன் பொருள், மாதத்தில் இரண்டு முறை நான் ஆராதனைக்குப் போக முடியாது, பாடகர் குழுவிலிருந்து விலக வேண்டும். சபையின் மூத்தவர் ஒருவரிடம் சொன்னபோது அவருக்கு வருத்தம். பணிப்பெண்ணுக்காகக் கர்த்தருடைய ஊழியத்தைக் குறைக்கலாமா, முதலிடம் யாருக்கு என்று கேட்டார். அன்போடுதான் கேட்டார். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன். பின்னர் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் பதில் கிடைத்தது. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டிய உதவியைப் பார்த்து, அது ‘கொர்பான்’, தேவனுக்கென்று நேர்ந்துவிட்ட காணிக்கை என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், பெற்றோருக்கு அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அக்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தேவனுக்கு முதலிடம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் அமல்படுத்தியிருக்க முடியாது. அதைத்தான் இயேசு, தேவனுடைய கட்டளையை அவமாக்குவது என்று கண்டித்தார். என் அம்மாவையும் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்ணையும் நான் பல ஞாயிறுகளாகக் கொர்பான் ஆக்கி வைத்திருந்தேன்.

இதே சிக்கல் அலுவலகத்திலும் ஒருமுறை வந்தது. ஒரு புதன்கிழமை மாலை, ஆறு மணிக்குச் சற்று முன், ஓவர்டைம் கணக்கில் ஒரு பிழை இருப்பதைக் கண்டேன். மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, அதை 52 வாரம் பெருக்கல் 44 மணி நேரம் என்ற தொகையால் வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம் வரும். ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. பழைய எக்செல் கோப்பு ஒன்றிலிருந்து புதியதை உருவாக்கியபோது நான் 44க்குப் பதில் 48 என்று அடித்திருக்கிறேன். 1,000 வெள்ளி அடிப்படைச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு மணிக்கு 7.87 வெள்ளி வர வேண்டிய இடத்தில் 7.21 போயிருந்தது. 66 காசு என்பது சின்னத் தொகையாகத்தான் தெரியும். மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறவருக்கு ஏறக்குறைய 39 வெள்ளி. நான்கு மாதமாக அப்படிப் போயிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் தங்கும் விடுதியில் இருக்கும் தொழிலாளர்கள், யாரும் இதுவரை கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

மறுநாள் காலை அந்த மாதச் சம்பளக் கோப்பு வங்கிக்குப் போக வேண்டும். அன்று இரவு ஏழரை மணிக்கு ஜெபக்கூட்டம், நடத்த வேண்டியவள் நான். பழைய நானாக இருந்தால் சரியான பதில் உடனே கிடைத்திருக்கும்: வேலை முடிவற்றது, தேவனுக்கு முதலிடம், பிழையை அடுத்த மாதம் பார்க்கலாம். மேலாளரும் ஏறத்தாழ அதையே சொன்னார், தேவனைச் சேர்க்காமல். வயல்களை அறுத்த வேலைக்காரருடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது நினைவுக்கு வந்தது. அந்தக் கூக்குரலை ஜெபக்கூட்டத்தில் பாட்டால் மூடிவிடலாம் என்று நினைப்பது சமையலறைக் கதவைச் சாத்துவதைப் போன்றது. கூட்டத்தை நடத்த வேறொரு சகோதரியிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன், காரணத்தையும் சொன்னேன். பத்தரை வரை உட்கார்ந்து நான்கு மாதத்தையும் ஒவ்வொருவருக்காகத் திருத்தி, நிலுவைத் தொகையைத் தனி வரியாகச் சம்பளச் சீட்டில் காட்டினேன். சத்தமில்லாமல் சேர்த்துவிடலாமே என்று மேலாளர் கேட்டதற்கு, பிழை என்னுடையது என்று எழுத்தில் கொடுத்தேன்.

சில நாள் கழித்து அறந்தாங்கிப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் சம்பளச் சீட்டோடு வந்தார். இந்தக் காசு எதற்கு என்றார். நான் கணக்குத் தப்பாகப் போட்டதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். “நாலு மாசமா ஊருக்குக் காசு குறையுதுன்னு வீட்டுல சண்டை மேடம். இங்க என்னமோ செலவு பண்றேன்னு நெனச்சிருக்கா. இந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புறேன்” என்றார். 66 காசு ஒரு வீட்டுக்குள் என்ன செய்திருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு மதிப்பீட்டில் என் பிழை குறிக்கப்பட்டது, போனஸ் குறைந்தது. பிழை செய்தவள் நான் என்பதால் அதில் மனக்குறை இல்லை.

தேவனுக்கு முதலிடம் என்ற தலைப்பில் பிரசங்கம் என்றால் எரிக் லிடலின் பெயர் வராமல் போகாது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் அதில் ஓடாமல் விட்டு, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றவர். பிரசங்கியார்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். முதலிடம் கொடுத்தால் பதக்கம் கிடைக்கும் என்ற பொருளும் தானாக ஒட்டிக்கொள்ளும். அவருடைய மற்றொரு ஞாயிறு எனக்கு அதைவிடப் பிடிக்கும். சீனாவில் மிஷனெரியாக இருந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரின் வெய்சியன் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகள் ஞாயிறன்று விளையாட விரும்பியபோது முதலில் மறுத்தார். நடுவர் இல்லாத ஆட்டம் சண்டையில் முடிந்ததைப் பார்த்தபின், அடுத்த ஞாயிறிலிருந்து அவரே நடுவராக நின்றார். உலகமே பார்க்க ஞாயிறன்று ஓட மறுத்தவர், யாரும் பார்க்காத முகாமில் பிள்ளைகளுக்காக ஞாயிறன்று விசில் ஊதினார். அந்த முகாமிலேயே 1945இல் இறந்தார். இரண்டு ஞாயிறுகளிலும் அவர் ஒரே ஆண்டவருக்குத்தான் கீழ்ப்படிந்தார் என்று நினைக்கிறேன்.

கூடக் கொடுக்கப்படும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதிய ஆண்டில், நல்ல துணைப்பாட வகுப்பு ஒன்று ஞாயிறு காலையில் மட்டுமே இடம் இருக்கிறது என்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், இன்றும் அதில் வருத்தமில்லை. ஆனால் அவனுக்கு எதிர்பார்த்த புள்ளிகள் வரவில்லை. ஆண்டவர் ஏன் கூடக் கொடுக்கவில்லை என்று அவன் கேட்டபோது, வசனத்தைத் திரும்பப் படித்தோம். ‘இவைகளெல்லாம்’ என்பது எவை? இரண்டு வசனத்துக்கு முன்னால் பட்டியல் இருக்கிறது: எதை உண்போம், எதைக் குடிப்போம், எதை உடுப்போம். அவ்வளவுதான். விரும்பிய பள்ளியும் கூட்டுரிமை வீடும் பதவி உயர்வும் நாமாக அந்தப் பட்டியலில் எழுதிச் சேர்த்தவை.

சாறிபாத் விதவையின் கதையில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்கிறது. பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே அவளிடம் இருந்தது. அதைச் சுட்டு, மகனும் தானும் சாப்பிட்டுச் செத்துப்போகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். எலியா வந்து, முதலில் எனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவா என்றான். தமிழ் வேதாகமம் ‘அடை’ என்றே சொல்வதால் சிறுவயதில் அந்தக் கதை எங்கள் வீட்டில் நடந்ததாகவே நினைத்திருந்தேன். அவள் கொடுத்தாள். அதற்காக அவள் வீட்டில் களஞ்சியம் நிரம்பியதாக எங்கும் இல்லை. மாவு தீர்ந்துபோகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் பானைக்குள் கையை விட்டபோதும் அடியில் இருந்ததைத்தான் அள்ளியிருப்பாள்.

இப்போது ஞாயிறன்று அந்தப் பெண் காலை எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறாள். சிராங்கூன் சாலையைச் சுற்றி டோர்செட் ரோடு, ஓபிர் ரோடு, ஷார்ட் ஸ்திரீட் என்று தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயங்கள் பல உண்டு. எங்கள் சபைக்கு வரும்படி நான் அழைத்தேன். அவள் தயங்கித் தயங்கி, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வேறொரு சபைக்குப் போகிறார்கள் அக்கா என்றாள். அங்கே பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறாள், ஆல்ட்டோ பாடுகிறாளாம். ஐந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் அவள் ஆல்ட்டோ பாடுவாள் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

கடந்த ஞாயிறு வீட்டில் இருக்க வேண்டிய முறை என்னுடையது. கணவரும் மகனும் ஆராதனைக்குப் போய்விட்டார்கள், மதிய விருந்தையும் அங்கேயே முடித்துக்கொள்வார்கள். நான் கைப்பேசியில் ஆராதனையை ஒலிக்கவிட்டு, அம்மாவை அரிசி வாளிக்கு முன் முக்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேருக்கான அரிசியை ஒரு கிண்ணத்தில் அளந்து கையில் கொடுத்தேன். அம்மாவுக்கு எங்கள் பெயர்கள் இப்போது மாறி மாறி வருகின்றன. இது மட்டும் கை மறக்கவில்லை. ஒரு பிடி அள்ளி மைலோ டின்னில் போட்டார். நான் தண்ணீர் கொதிக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதற்குள், “ஏளா, ஆண்டவருக்குப் போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு இன்னொரு பிடி போட்டார். போட்டாச்சும்மா என்றேன். சரி என்று தலையாட்டினார். போதகர் வேத பாடத்தை வாசிக்கத் தொடங்கியபோது மூன்றாவது பிடியும் உள்ளே போயிருந்தது.

கிண்ணத்தில் மிஞ்சியது ஒருவருக்கே காணும். டின்னிலிருந்து திரும்ப எடுக்கக் கை வரவில்லை. அதைக் கஞ்சியாக வைத்து அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, நான் இரண்டு துண்டு ரொட்டியில் காயா தடவிச் சாப்பிட்டேன்.